சிற்றருவிக் கரையில் ஒல்லாந்தர்

ஒல்லாந்தர் தமிழ் வாசகர்க்குப் புதியவரல்லர். பழவேற்காட்டில் 1613-இல் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பியவர்கள்; 1658-இல் நாகப்பட்டினத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பறித்தவர்கள்; சதுரங்கப்பட்டினத்தில் துணி மூட்டைகளை எண்ணிக் கப்பலேற்றியவர்கள். ஒல்லாந்தர் என்றதும் கம்பெனியும் கிடங்கும் பீரங்கியும் நினைவுக்கு வருவது நமக்கு இயல்பே. அந்த நினைவோடுதான் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ஃபாக்ஸ் ஆற்றங்கரையிலுள்ள லிட்டில் ஷூட் என்னும் சிற்றூருக்குச் சென்றோம். ஆனால் அங்கே வந்து குடியேறிய ஒல்லாந்தர் வேறு வகையினர். கம்பெனியின் செல்வத்தில் ஒரு காசும் கண்டிராத ஏழை உழவர்கள் அவர்கள்.

ஊர்ப்பெயர் ஒல்லாந்த மொழியிலானதன்று. பிரெஞ்சு வணிகர் இவ்விடத்தை 'லா பெத்தீத் ஷூத்', அதாவது சிற்றருவி என்றனர். அதன் ஆங்கிலத் திரிபே இன்றைய பெயர். சற்று மேலே ஆப்பிள்டன் நகருள்ள இடம் பேரருவி. வின்னபாகோ ஏரியிலிருந்து கிரீன் பே வரை 39 மைல் தூரத்தில் ஆறு ஏறத்தாழ 170 அடி இறங்குகிறது. நயாகராவின் வீழ்ச்சியை ஒரு நாள் நடைக்கு நீட்டிப் போட்டது போன்ற இறக்கம். ஆறு வடக்கு நோக்கிப் பாய்வதையும் வாசகர் குறித்துக்கொள்ள வேண்டும். வழி கேட்டபோது 'கீழே' என்று அவர்கள் சொன்ன திசை வடக்கு என்பது விளங்க நமக்குச் சிறிது நேரம் பிடித்தது.

ஊரின் நடுவே, கடைவீதியில், நூறடி உயரக் காற்றாலை ஒன்று நிற்கிறது. ஒல்லாந்த நாட்டு வடபிராபன்ட் பகுதியின் 19-ஆம் நூற்றாண்டு ஆலைகளின் சாயலில் அமைந்தது. மிக அழகியது, உள்ளே மாவரைக்கும் கல்லும் உண்டு. வருவோர் அனைவரும் அதன்முன் நின்று படமெடுத்துக்கொள்கின்றனர். நாமும் எடுத்துக்கொண்டோம். பிறகுதான் அது 2013-இல் எழுந்தது என்றறிந்தோம். குடியேறிய முன்னோர் அதைப் பார்த்ததில்லை. அவர்களுக்குச் சோறு போட்டது காற்றன்று, தண்ணீர். ஆற்றை அடைய அங்கிருந்து சிறிது நடக்க வேண்டும். அன்று அவ்வழியே நடந்தவர்கள் நாம் மட்டுமே.

கதை தியோடோர் வான் டென் புரூக் என்னும் பாதிரியாரிடமிருந்து தொடங்குகிறது. டொமினிக்கன் சபைத் துறவியான இவர் 1832-இல் அமெரிக்கா வந்தார். 1836-இல் சிற்றருவிக்கு வந்து சேர்ந்தார். அவர் வந்தது தம் நாட்டவரைத் தேடியன்று. அங்கே தம் நாட்டவர் எவருமில்லை. ஆற்றங்கரையில் வாழ்ந்தவர் மெனாமினி மக்கள். அவர்களுக்கு எழுத்தறிவித்தார், ஞானஸ்நானம் கொடுத்தார், அவர்களோடு சேர்ந்து கோயில் கட்டினார். மெனாமினி என்ற பெயருக்குக் காட்டரிசி மக்கள் என்பது பொருள். ஏரிச் சதுப்பில் தானே விளையும் அரிசியைப் படகிலிருந்தபடியே தட்டிச் சேர்ப்பவர்கள். அரிசியைப் பெயரில் சுமக்கும் ஓர் இனத்தை அவ்வளவு தொலைவில் சந்திப்போம் என்று நாம் எண்ணியிருக்கவில்லை.

அதே 1836-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள், அவ்வூரை ஒட்டிய ஆற்றங்கரையில் மெனாமினித் தலைவர்கள் அமெரிக்க அரசோடு ஒப்பந்தம் செய்தனர். சீடர் மரங்களின் பெயரால் அது வழங்குகிறது. ஏறத்தாழ நாற்பது இலட்சம் ஏக்கர் நிலம் கைமாறியது. ஏக்கருக்கு இருபது சென்ட் கூடத் தேறவில்லை. பாதிரியாரின் மந்தை மெல்ல மேற்கே நகர்ந்தது. கோயில் இருந்தது, கும்பிட ஆளில்லை.

1847-இல் அவர் தாயகம் சென்றார். ஒல்லாந்து அப்போது நலமாக இல்லை. 1845-இல் தாக்கிய உருளைக்கிழங்கு நோய் ஏழைகளின் பானையைக் காலி செய்திருந்தது. பிராபன்ட் கத்தோலிக்கர் நிறைந்த பகுதி; சீர்திருத்தச் சபையார் ஆதிக்கம் செலுத்திய அந்நாட்டில் நெடுங்காலம் இரண்டாந்தரமாக நடத்தப்பட்டவர்கள் அவர்கள். கத்தோலிக்க ஆயர்கள் முறைப்படி மீண்டும் அமர்த்தப்பட்டதே 1853-இல்தான். பாதிரியார் விஸ்கான்சினின் வளத்தைப் பற்றிச் சிறுநூல் ஒன்றை வெளியிட்டார். 1848-இன் வசந்தத்தில் மூன்று கப்பல்கள் புறப்பட்டன: 'மரியா மக்தலேனா', 'அமெரிக்கா', 'லிபெரா நோஸ்'. மூன்றாவது பெயருக்கு 'எங்களை விடுவித்தருளும்' என்பது பொருள். செபத்தையே பெயராகச் சூடிய கப்பலில் ஏறியவர்களின் மனநிலையை ஊகிக்க வேறு சான்று வேண்டுவதில்லை. ஒரு பகுதியினர் ஹாலண்ட்டவுனில் தங்க, ஏனையோர் ஜூன் மாதம் சிற்றருவிக்கு வந்து சேர்ந்தனர்.

அதே ஆண்டு மே மாதம் விஸ்கான்சின் மாநிலமாயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் மெனாமினியர் தம் எஞ்சிய நிலத்தையும் விட்டு மினசோட்டா செல்லுமாறு மற்றோர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. அவர்கள் போக மறுத்தனர். 1854-இல் வுல்ஃப் ஆற்றங்கரையில் ஒரு துண்டு நிலம் அவர்களுக்கென ஒதுக்கப்பட்டது. இன்றும் அங்கேதான் வாழ்கின்றனர். ஒரே ஆண்டில் ஓரினத்தார் வந்திறங்கினர், மற்றோரினத்தாரை வெளியேற்றும் தாள் எழுதப்பட்டது. பாதிரியாரைக் குற்றக்கூண்டில் நிறுத்த நமக்கு மனமில்லை; பசித்தவர்களைத்தான் அவர் அழைத்து வந்தார். எனினும் இரு நிகழ்ச்சிகளையும் தனித்தனி ஏட்டில் எழுதிவைப்பது வரலாறாகாது என்றே கருதுகிறோம். 1851-இல் அவர் சிற்றருவியிலேயே காலமானார்.

வந்தவர்கள் உடனே உழுதுவிடவில்லை. முதலில் காட்டை வெட்ட வேண்டியிருந்தது. கைக்காசுக்கு வழி கால்வாய் வேலை. ஃபாக்ஸ் ஆற்றையும் விஸ்கான்சின் ஆற்றையும் இணைத்துப் பேரேரிகளிலிருந்து மிசிசிப்பிக்கு நீர்வழி காண்பது அன்றைய பெருங்கனவு. அருவியுள்ள இடந்தோறும் கால்வாய் தோண்டி, படகைப் படிப்படியாக ஏற்றியிறக்கும் 'லாக்' என்னும் மதகறைகள் கட்டப்பட்டன. ஒல்லாந்தர் மண்வெட்டியோடு இறங்கினர். 1856-இல் 'அக்குவிலா' என்னும் நீராவிப் படகு மிசிசிப்பிப் பக்கமிருந்து கிரீன் பே வந்து சேர்ந்தபோது ஆற்றோரமெங்கும் கொண்டாட்டம். ஆனால் விஸ்கான்சின் ஆற்றின் மணல்திட்டுகளும் பின்வந்த இரயிலும் அக்கனவை முடித்துவைத்தன. கால்வாய் தோற்றது; அருவியின் விசை தோற்கவில்லை. அது மாவாலைகளை ஓட்டிற்று, பின்பு காகித ஆலைகளை. அடுத்த ஊரின் பெயரே 'கம்பைண்டு லாக்ஸ்'; இரண்டு மதகறைகள் ஒட்டிக்கட்டிய இடம் என்பதால் வந்தது.

காகிதம் ஊரை வளர்த்தது. ஆற்றைக் கெடுக்கவும் செய்தது. 1950-களின் நடுவிலிருந்து 1971 வரை, கார்பன் தாளின்றிப் படியெடுக்கும் காகிதத்தில் பயன்பட்ட பி.சி.பி. என்னும் வேதிப்பொருள் ஆற்றடியில் படிந்தது. சேற்றை அள்ளித் தூய்மை செய்யும் பணி 2020-இல்தான் முடிந்தது. செலவு நூறு கோடி டாலரைத் தாண்டியது.

மொழியின் கதை தனி. பிராபன்ட் வட்டார வழக்கு அவ்வூரில் இருபதாம் நூற்றாண்டிலும் வாழ்ந்தது. எழுத்துமொழியன்று, சமையற்கட்டிலும் மாட்டுக்கொட்டிலிலும் புழங்கிய பேச்சு. 1966-இல் யோ டான் என்னும் ஒல்லாந்த மொழியியலாளர் ஒலிப்பதிவுக் கருவியோடு அமெரிக்கா வந்து, குடியேறியவர்களின் வழித்தோன்றல்களைப் பேசவைத்துப் பதிவு செய்தார். கடைசித் தலைமுறையின் குரல் நாடாவில் எஞ்சிற்று. வீட்டில் மட்டும் வாழும் மொழி எத்தனை தலைமுறை தாங்கும் என்ற கேள்வி, வெளிநாட்டில் பேரப்பிள்ளைகளோடு பேசிப் பார்த்த தமிழர்க்குப் புதிதன்று.

பேச்சு போனாலும் பெயர் போகவில்லை. கல்லறைத் தோட்டத்தில் வரிசை வரிசையாக 'வான் டென்', 'வாண்டர்' என்றே தொடங்குகின்றன பெயர்கள். 'வான்' என்றால் 'இன்ன இடத்திலிருந்து' என்பது பொருள். நம் பெரியோர் பெயர்க்கு முன்னே ஊர்ப்பெயரின் முதலெழுத்தைச் சுமப்பது போலத்தான். விட்டுவந்த மேட்டையும் பள்ளத்தையும் பெயரில் கட்டிக்கொண்டு, அவற்றை ஒருமுறையும் பார்க்காமலே இங்கு இறந்தவர்கள் எத்தனை பேரோ. மெனாமினிப் பெயர் பொறித்த கல் ஏதேனும் உண்டா என்று தேடினோம். நம் கண்ணில் படவில்லை.

மாலையில் கால்வாய்க் கரைக்குத் திரும்பினோம். கரைச்சுவர்கள் பிற்காலத்தில் பலமுறை செப்பனிடப்பட்டவை. தோண்டிய தடம் மட்டும் பழையது. கீழே தண்ணீர் அசையாமல் நின்றது. சற்று அப்பால் அணையைத் தாண்டி விழும் ஆற்றின் ஓசை கேட்டது. சிற்றருவி என்று பெயரிட்டவர் கேட்டதும் ஏறக்குறைய அதே ஓசையாகத்தான் இருக்க வேண்டும்.