பள்ளிக்கூடங்களின் கதை: லிட்டில் ராக்கின் முன்வாசல்

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத் தலைநகர் லிட்டில் ராக். 1927-இல் அங்கே 15 லட்சம் டாலர் செலவில், ஐந்து கட்டடக் கலைஞர்கள் கூடி வரைந்த உயர்நிலைப் பள்ளி ஒன்று திறக்கப்பட்டது. நாட்டிலேயே அழகான பள்ளி என்று கட்டடக் கலைஞர்கள் சங்கமே மெச்சியது. முன்வாசலுக்கு மேலே நான்கு சிலைகள்: இலட்சியம், ஆளுமை, வாய்ப்பு, ஆயத்தம். அவற்றின் கீழே நுழைய வெள்ளைப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் அனுமதி.

கறுப்பினப் பிள்ளைகளுக்கு 1929-இல் டன்பர் பள்ளி வந்தது. செலவு 4 லட்சம் டாலர். அதிலும் ஒரு பங்கு, கறுப்பினப் பள்ளிகளுக்கு உதவிவந்த ரோசன்வால்ட் நிதியம் கொடுத்தது. வரைந்தவர்கள் அதே ஐவரில் இருவர், விட்டன்பர்க்கும் டெலோனியும். இரண்டு முகப்புகளுக்கும் அண்ணன் தம்பி சாயல் உண்டு. பாடப் புத்தகங்கள் மட்டும் வெள்ளைப் பள்ளியில் படித்துக் கழித்த பழசு.

பிரித்து வைப்பது செல்லாது என்று 1954-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1957 செப்டம்பரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் அந்த அழகான வெள்ளையர் பள்ளியில், அதாவது சென்ட்ரல் பள்ளியில், சேர வந்தார்கள். எல்லோரும் சேர்ந்து போவதாக ஏற்பாடு. அவர்களில் ஒருவரான எலிசபெத் எக்ஃபோர்டு வீட்டில் தொலைபேசி இல்லை, சேதி எட்டவில்லை. தானே தைத்த உடையை அணிந்து, 4-ஆம் தேதி காலை தனியாகப் பேருந்தில் வந்து இறங்கினார். வயது 15. ஆளுநர் ஃபோபஸ் நிறுத்தியிருந்த மாநிலக் காவற்படையினர் வெள்ளை மாணவர்களுக்கு வழிவிட்டு, அவருக்குத் துப்பாக்கியை நீட்டி மறித்தார்கள். ஊர் பெருமையடித்துக்கொண்ட அந்த நீண்ட முகப்பை ஒட்டியே, கூச்சலிட்ட கும்பல் பின்தொடர, பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சு வரை நடந்தார்.

23-ஆம் தேதி போலீஸ் ஒன்பது பேரையும் பக்கவாசல் வழியாக உள்ளே விட்டது. வெளியே கும்பல் திரண்டதால் நண்பகலுக்குள் அவர்களை வெளியே கொண்டுபோக வேண்டியதாயிற்று. குடியரசுத் தலைவர் ஐசனோவர் 101-ஆவது வான்வழிப் படைப்பிரிவை அனுப்பினார். 25-ஆம் தேதி, படைவீரர்கள் சூழ, ஒன்பது பேரும் முன்வாசல் படிகளில் ஏறினார்கள்.

ஆளுநர் ஃபோபஸ் விடவில்லை. அடுத்த ஆண்டு நகரத்தின் உயர்நிலைப் பள்ளிகள் அத்தனையையும் மூடினார். ஒப்பந்தப்படி ஆசிரியர்கள் வந்து காலி வகுப்பறைகளில் உட்கார்ந்திருந்தார்கள். கால்பந்துப் போட்டிகள் மட்டும் நிற்கவில்லை! எதை நிறுத்தலாம், எதை நிறுத்தக் கூடாது என்பதில் ஆளுநருக்குத் தெளிவு இருந்திருக்கிறது.

1959 ஆகஸ்டில் கதவு திறந்தது. ஒன்பது பேரில் கார்லோட்டா வால்ஸும் ஜெஃபர்சன் தாமஸும் திரும்பி வந்தார்கள். 1960 பிப்ரவரியில் கார்லோட்டா வீட்டில் குண்டு வெடித்தது. மறுநாள் காலை அவர் பள்ளிக்குப் போனார். அந்த ஆண்டே படிப்பை முடித்தார்.

(தொடரும்)