மென்பொருளுக்கும் வேண்டும் ஒரு பாலம்

இருபது ஆண்டுகளுக்கு முன்னர் நான் தட்டச்சு செய்து வைத்திருந்த கட்டுரை ஒன்றை அண்மையில் திறந்தேன். திரையில் தெரிந்தவை தமிழ் எழுத்துகள் அல்ல. பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளுமே. அதற்குரிய எழுத்துரு இன்று என்னிடம் இல்லை. எழுத்து எது என்பதும், அது எவ்வாறு தோன்ற வேண்டும் என்பதும் அன்று ஒன்றாகவே பிணைந்திருந்தன. ஒருங்குறி அப்பிணைப்பை அவிழ்த்தது. அகரத்தின் எண் 2949 என்பது மாறாதது. அதற்கு உருவம் தரும் எழுத்துருவோ எதுவாகவும் இருக்கலாம்.

மென்பொருள் வடிவமைப்பிலும் இத்தகைய பாடம் உண்டு. எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ப் ஜான்சன், ஜான் விலிசிடிஸ் ஆகிய நால்வரும் 1994-இல் வெளியிட்ட 'டிசைன் பேட்டர்ன்ஸ்' நூல் 23 வடிவமைப்பு முறைகளைத் தொகுத்தளித்தது. அவற்றுள் கட்டமைப்பு சார்ந்த ஏழில் ஒன்று 'பிரிட்ஜ்', அதாவது பாலம். வெளியே தெரியும் முகப்பையும் உள்ளே இயங்கும் செயலாக்கத்தையும் பிரித்து, ஒன்றையொன்று பாதிக்காமல் வளரவிடுவதே அதன் நோக்கம்.

ஓர் அலுவலகம் நினைவூட்டல், ரசீது, எச்சரிக்கை என மூவகை அறிவிப்புகளைக் குறுஞ்செய்தி, மின்னஞ்சல், வாட்ஸ்ஆப் ஆகிய மூன்று வழிகளில் அனுப்புவதாகக் கொள்வோம். ஒவ்வொரு சேர்க்கைக்கும் தனி நிரல் எழுதினால் 9 நிரல்கள் தேவை. நான்காவது வழி ஒன்று வந்தால் அவை 12 ஆகும். பாலம் அமைத்தாலோ அறிவிப்புகளுக்கு 3, வழிகளுக்கு 3 என 6 போதும். புதிய வழிக்கு ஒன்றைக் கூட்டினால் 7. அறிவிப்பு நிரல் 'அனுப்பு' என்று ஆணையிடுவதோடு நின்றுகொள்ளும். எவ்வாறு அனுப்புவது என்பது மறுகரையில் உள்ள நிரலின் பொறுப்பு.

பாலத்துக்கும் விலை உண்டு. நிரலின் போக்கைப் புரிந்துகொள்ள இரு கரைகளுக்கும் சென்றுவர வேண்டும். என்றும் ஒரே வழிதான் என்ற நிலையில் இம்முறையைக் கையாள்வது, ஆறில்லா ஊரில் பாலம் கட்டுவதற்கு ஒப்பாகும். ஆகவே, எது மாறும், எது நிலைக்கும் என்பதே வடிவமைப்பாளர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

அக்கேள்வியை, மென்பொருளை வாங்கும் அலுவலகங்களும் ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்பது நல்லது. என் பழைய கட்டுரை படிக்க முடியாமல் போனால் இழப்பு எனக்கு மட்டுமே. நிலப் பதிவும் பிறப்புச் சான்றும் அவ்வாறு ஆனால், இழப்பு ஊருக்கெல்லாம் அல்லவா?