தரமா, இலாபமா? வார்சோ நகரின் இரண்டு வீடியோ கேம் நிறுவனங்கள்

பெரும்பாலான போர் விளையாட்டுகளில் விளையாடுபவரின் கையில் துப்பாக்கி இருக்கும். 2014 நவம்பரில் வெளியான 'திஸ் வோர் ஒஃப் மைன்' விளையாட்டில் அவர் முற்றுகைக்குள் சிக்கிய சாதாரண பொதுமக்களை வழிநடத்த வேண்டும். பகலில் ஸ்னைப்பர் சூட்டுக்கு அஞ்சி இடிந்த வீட்டுக்குள்ளேயே அடுப்பும் கட்டிலும் செய்துகொள்ள வேண்டும். இரவில் உணவும் மருந்தும் தேடி வெளியே போக வேண்டும். வயோதிபத் தம்பதி ஒன்றின் பொருட்களைத் திருடி வந்தால், திருடியவர் மனமுடைந்து போவார். போர் எப்போது முடியும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பதுங்குகுழிக்குள் நாட்களை எண்ணியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பொஸ்னியாவின் சரஜேவோ நகரம் 1992 முதல் 1996 வரை முற்றுகையிடப்பட்டிருந்த காலமே இதற்கு அடிப்படை. உருவாக்கியது போலந்தின் வார்சோவிலுள்ள '11 பிட் ஸ்டூடியோஸ்'.

இலாபத்தை வெறுத்த நிறுவனமா?

இல்லை. அது பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம். விளையாட்டுக்குச் செலவான பணம் வெளியான இரண்டு நாட்களிலேயே மீண்டுவிட்டதாக அது அறிவித்தது. 2022 பெப்ரவரியில் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தபோது, ஏழு நாட்களுக்கான இந்த விளையாட்டின் வருமானத்தை உக்ரைன் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு வழங்கியது. 2020 இல் போலந்து அரசாங்கம் இந்த விளையாட்டைப் பாடசாலைகளுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. இங்கே தரமும் இலாபமும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கவில்லை. சிறிய குழு, கட்டுப்படியான செலவு, தெளிவான எண்ணம் ஆகியன அதற்கு உதவின.

அதே நகரம், வேறு கதை

வார்சோவின் மற்றொரு நிறுவனமான 'சிடி புரொஜெக்ட்', 2015 இல் வெளியிட்ட 'த விட்சர் 3' மூலம் தரத்துக்குப் பெயர் பெற்றது. அந்த நம்பிக்கையில் அதன் அடுத்த படைப்பான 'சைபர்பங்க் 2077' ஐ 8 மில்லியன் பேர் வெளிவருமுன்னரே வாங்கினர். அந்த முற்பணமே முழுச் செலவையும் ஈடுசெய்தது.

2020 இல் மாத்திரம் வெளியீட்டுத் திகதி மூன்று தடவைகள் பிற்போடப்பட்டது. கட்டாய மேலதிக வேலையைத் தவிர்ப்போம் என்று 2019 இல் கூறிய நிர்வாகம், 2020 செப்டெம்பரில் வாரத்துக்கு ஆறு நாள் வேலை என உத்தரவிட்டது. விமர்சகர்களுக்குக் கணினிப் பதிப்பு மாத்திரமே முன்கூட்டிக் கொடுக்கப்பட்டது. டிசெம்பர் 10 இல் விளையாட்டு வெளியானது. பழைய பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பொக்ஸ் வன் கருவிகளில் அது அடிக்கடி உறைந்தது, செயலிழந்தது. ஏறத்தாழ ஒரு வாரத்தில் சொனி தனது கடையிலிருந்து அதை நீக்கிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2021 ஜூனில்தான் அது மீண்டும் விற்பனைக்கு வந்தது.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. 2023 செப்டெம்பரில் வந்த 2.0 பதிப்பு விளையாட்டின் பெரும்பகுதியை மாற்றியமைத்தது. கெட்ட பெயரைத் துடைத்ததும் அதே தொழிலாளர்கள்தான்.

முடிவு யாருடையது?

'நிறுவனம் தரத்தை மதிக்கிறதா' என்ற கேள்வியில் ஒரு சிக்கல் உண்டு. நிறுவனம் ஒரு தனி மனிதர் அல்ல. வரைபவர், நிரல் எழுதுபவர், பரிசோதிப்பவர் ஆகியோர் வேலையின் நேர்த்தியை விரும்புகிறார்கள். வெளியீட்டுத் திகதியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அவர்கள் அல்லர். பங்குதாரர்களுக்குக் கொடுத்த வாக்குறுதியும் நத்தார்கால விற்பனையும் அங்கே பேசுகின்றன. செலவு பெருகப் பெருக, துணிந்து புதிதாகச் செய்யும் இடம் சுருங்குகிறது. போரின் வலியைச் சொன்ன 11 பிட் நிறுவனமும் 2024 டிசெம்பரில், பல ஆண்டுகள் உருவாக்கிவந்த ஒரு விளையாட்டை வெளியிடாமலே கைவிட்டது.

'இலவசம்' என்று எமது பிள்ளைகளின் கைபேசிக்கு வரும் விளையாட்டுகளில் கணக்கு இன்னும் வேறு. அங்கே வருமானம் விளையாட்டை விற்பதால் வருவதில்லை. உடை, ஆயுதம், அதிர்ஷ்டப் பெட்டி ஆகியவற்றைத் திரும்பத் திரும்ப விற்பதால் வருகிறது. பணம் கொடுத்துத் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டிகள் சூதாட்டச் சட்டத்தை மீறுவதாக 2018 இல் பெல்ஜியம் தீர்மானித்தது.

வாங்குபவரிடம் உள்ள பலம் சிறியது, ஆனால் உண்மையானது. வெளிவராத ஒன்றுக்கு முற்பணம் கொடுக்காதிருக்கலாம். தமது கருவியில் அது எப்படி இயங்குகிறது என்று பார்த்த பின் வாங்கலாம். பிள்ளையின் கைபேசியில் வங்கி அட்டை இணைக்கப்பட்டுள்ளதா என்று இன்றே பார்க்கலாம். பணம் முன்கூட்டியே கைக்கு வந்துவிட்டால், தரத்துக்காகக் காத்திருக்க எந்த நிர்வாகத்துக்கும் அவசரமில்லை.