ஆப்பிரிக்கக் குதிரை நோய்

ஆப்பிரிக்கக் குதிரை நோய் என்பது கியூலிகாய்டீஸ் இனக் கடிபூச்சிகளால் பரவும் வைரஸ் நோய். ஆர்பிவைரஸ் பேரினத்தைச் சேர்ந்த இந்த வைரஸில் 9 வகைகள் உள்ளன. குதிரைக்குக் குதிரை நேரடியாகத் தொற்றாது. வரிக்குதிரைகள் பெரும்பாலும் அறிகுறியின்றி வைரஸைச் சுமக்கின்றன.

நுரையீரல் வகையில் கடும் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் தோன்றி, மூக்கில் நுரை தள்ளும். நோயுற்றவற்றில் மிகச் சிலவே பிழைக்கும். இதய வகையில் கண்ணுக்கு மேலுள்ள குழி வீங்கும், பாதிக்குமேல் இறக்கலாம்.

தென்னாப்பிரிக்காவில் கோடையின் பிற்பகுதியில் பெருகும் இந்நோய், முதல் உறைபனி பூச்சிகளைக் கொன்றதும் தணிகிறது. கால்நடை மருத்துவர்களின் பணியும் இச்சுழற்சியையே பின்பற்றுகிறது: பூச்சி குறைந்த குளிர்காலத்திலும் வசந்தத்திலும் தடுப்பூசி; நோய்க்காலத்தில் நாள்தோறும் உடல்வெப்ப அளவீடு, அந்திமுதல் விடியல்வரை வலையிட்ட லாயத்தில் அடைப்பு, பூச்சிவிரட்டி. குணப்படுத்தும் மருந்து இல்லாததால் தடுப்பே முதன்மையானது.

1854–55இல் கேப் பகுதியில் ஏறத்தாழ 70,000 குதிரைகள் மாண்டன. சுவிஸ் நாட்டில் பிறந்த கால்நடை மருத்துவர் ஆர்னால்டு தெய்லர் 1908இல் நிறுவிய ஓண்டர்ஸ்டேபூர்ட் ஆய்வு நிலையம் தடுப்பூசி உருவாக்கத்தில் முன்னின்றது. நோய் 1960இல் இந்தியாவையும் 2020இல் தாய்லாந்தையும் தாக்கியது.