பொரிகடலைக்கும் வரி போட்ட காலம்



நேற்று பழைய மாணவர் ஒருவர் தாண்டிக்குடிக்கு வந்திருந்தார். கீழ்நாட்டில் ஒரு நூற்பாலையில் கணக்கு எழுதுகிறார். "ஆயுத பூசைன்னாலே 2005தான் ஞாபகம் சார். அந்த வருசம்தான் எங்க மில்லுல பொரி, இனிப்பு எல்லாத்தையும் நிறுத்துனாங்க" என்றார். வரலாற்று வாத்தியார் சும்மா இருப்பேனா?

விருந்துச் செலவின் மேல் அரசுக்கு இருந்த சந்தேகம் பழையது. 1970 பிப்ரவரிக்குப் பிறகு சில ஆண்டுகள், உள்நாட்டில் செய்த விருந்துச் செலவைத் தொழில் செலவாகக் கழிக்கவே வருமான வரிச் சட்டம் விடவில்லை. பிறகு ஒரு வரம்போடு விட்டது. வாடிக்கையாளருக்குக் கொடுத்த காபியும் சாப்பாடும் விருந்தா, வெறும் மரியாதையா என்று வழக்குகள் நடந்தன. எல்லாம் விருந்துதான் என்றது 1983 நிதிச் சட்டம். ஆனால் வேலை செய்யும் இடத்தில் தொழிலாளிக்குக் கொடுக்கும் உணவையும் பானத்தையும் அதில் சேர்க்கவில்லை. நம் தோட்டத்தில் காபிப்பழம் எடுப்பவர்களுக்கு வரும் வரக்காப்பி விருந்தல்ல, வேலையோடு சேர்ந்தது என்று சட்டமே ஒப்புக்கொண்ட மாதிரி.

2005 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ப. சிதம்பரம் 'ஃபிரிஞ்ச் பெனிஃபிட்' வரியைக் கொண்டுவந்தார். சம்பளக் கணக்கில் வராத சலுகைகளுக்கு முதலாளியிடம் வசூலிக்கும் வரி. கம்பெனி பண்டிகைக்கு 10,000 ரூபாய் செலவழித்தால், பாதியான 5,000 ரூபாய் சலுகை. அதற்கு 30 சதவீதம், அதாவது 1,500 ரூபாய் வரி. மேல்வரி தனி. நட்டத்தில் ஓடும் கம்பெனியும் கட்ட வேண்டும். தனிநபர் முதலாளிகளுக்கு இந்த வரி இல்லாததால், நம் மலையில் சொந்தப் பெயரில் தோட்டம் வைத்திருந்தவர்களை அது தொடவில்லை.

பெரிய அதிகாரிகள் மறைவாக அனுபவிக்கும் சலுகைகளைப் பிடிப்பது நியாயமான நோக்கம்தான். ஆனால் அதிகாரியின் கிளப் செலவும் தொழிலாளியின் பண்டிகைப் பொரியும் ஒரே 50 சதவீதத் தராசில் நின்றன. செலவைக் குறைக்க நினைத்த இடங்களில் முதலில் போனது எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

2008இல் பண்டிகைக்கு மட்டும் 20 சதவீதமாகக் குறைத்தார்கள். 2009 ஜூலை பட்ஜெட்டில் பிரணாப் முகர்ஜி அந்த வரியையே எடுத்துவிட்டார்.

"அப்புறம் பொரி வந்துச்சாப்பா?" என்று கேட்டேன். "இல்ல சார். வரி போச்சு, பழக்கமும் போச்சு."

முதலாளிகளாக இருக்கும் என் மாணவர்களே, அந்த வரி போய் வெகுகாலம் ஆகிறது. இந்த ஆயுத பூசைக்கு அந்தச் சாக்கு வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்