மல்லர் ஆசானான வரலாறு

நியூயோர்க் நகரிலே செவ்வனே நடந்துவந்த வைத்தியத் தொழிலைத் துறந்து, அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவராய்க் கடல் கடந்து வந்த யோன் ஸ்கடர் என்னும் வைத்தியர், 1820ஆம் ஆண்டில் எங்கள் பண்டத்தரிப்பிலே குடியமர்ந்து நோயாளருக்கு மருந்தளிக்கத் தொடங்கியதனால், ஆசியாக் கண்டத்தில் மேனாட்டு மருத்துவ ஊழியத்தின் ஆதிகாலத்தைப் பேசுவோர் எவரும் இச்சிற்றூரின் பெயரைச் சொல்லாமற் செல்வதில்லை. ஸ்கடர் 1836இல் சென்னைக்குப் போய்விட்டார். இங்கிருந்த காலத்தில் அவரும் சிலருக்குத் தம் வித்தையைப் பழக்கினாரெனினும், அவ்வைத்தியம் இம்மண்ணின் சொந்தப் பொருளாயிற்று என்று துணிந்து கூறத்தக்க காலம், அயலூரான மானிப்பாயிலே 1848 முதலாக சாமுவேல் கிறீன் என்னும் வைத்தியர் தமிழ் இளைஞரைச் சேர்த்துக் கற்பித்து, நாளடைவில் பாடங்களையும் நூல்களையும் தமிழிலேயே ஆக்கி, அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியரை ஊர்களுக்கு அனுப்பிய காலமேயாகும். கைதேர்ந்த ஒருவர் வந்து வித்தையைச் செய்துகாட்டுவதால் அது ஒரு நாட்டில் நிலைத்துவிடாது என்பதை அறிய எங்களூரார் வெகுதூரம் போகவேண்டியதில்லை.

இன்று எங்கள் இளைஞர் கைத்தொலைபேசியிலே கண்டு வியக்கும் கலப்புப் போர்க்கலையின் விருத்தாந்தமும் இதே நியாயத்தைத்தான் காட்டுகின்றது. குத்தும் உதையும் மற்போரும் நிலத்திற் கிடந்து பூட்டும் பிடிகளும் ஒரே களத்தில் அனுமதிக்கப்படும் அவ்விளையாட்டின் வீரர்களைப் பற்றி எல்லாரும் பேசுகின்றனர். களத்தைவிட்டு இறங்கி ஆசானாக அமர்ந்தவர்களைப் பற்றிப் பேசுவோர் அரியர். அவர்களுள் ஆதியில் வைத்து எண்ணத்தக்கவர் மிட்சுயோ மயேடா என்னும் யப்பானியர்.

1878இல் யப்பானின் வடபகுதியான அவோமொரியிற் பிறந்த மயேடா, ஜிகோரோ கானோ 1882இல் தோக்கியோவிலே தாபித்த கோடோகான் பாடசாலையில் யூடோவைப் பயின்று, 1904இல் அக்கலையை அந்நியருக்கு அறிமுகஞ் செய்யும் பொருட்டுத் தம்மிலும் மூத்தவரான தோமிதாவுடன் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். காட்சிகள் நடத்தி மதிப்புப் பெறுவதே அப்பிரயாணத்தின் நோக்கம். ஆனால், தனியே பிரிந்த மயேடா ஜீவனத்தின் நிமித்தம் காசுக்காகப் பொருதுங் களங்களில் இறங்கினார். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஸ்பெயினிலும் கியூபாவிலும் மெக்சிக்கோவிலும் தம்மினும் உடல் பருத்த மல்லரோடும் குத்துச்சண்டைக்காரரோடும் கைகலந்தார். 1908இல் இலண்டன் அல்ஹம்பிரா அரங்கிலே, தமக்குப் பழக்கமான மேலங்கிப் பிடியில்லாத மேனாட்டு மற்போர் முறையிலேயே போட்டியிட்டார். பணத்துக்குப் பொருதுவதைக் கோடோகான் உவந்ததில்லை. ஆயினும், பாடசாலைப் பாயில் ஒருநாளும் கிடைத்திராத ஓர் அறிவை அவ்வலைச்சலே அவருக்கு அளித்தது என்பது என் எண்ணம். அடியும் உதையும் எதிரியை அணுகுதற்கு வழி; அணுகிப் பற்றியபின் நிலத்தில் வீழ்த்துதல் அடுத்த படி; வீழ்த்தியபின் கையையோ கழுத்தையோ பூட்டி முடித்தல் இறுதி. இவ்வாறு சண்டையைப் படிகளாகப் பகுத்துக் காணும் முறை அவருடையதென்று அவர் வழிவந்தோர் கூறுவர். இன்றைய பயிற்சிக்கூடங்களில் ஆசான்மார் பாடத்தை வகுக்கும் முறையும் பெரிதும் இதுவே.

1914இல் பிரேசில் நாட்டை அடைந்து, பின்னர் அமேசன் ஆற்றுமுகத்துப் பெலேம் நகரிலே நிலைத்த மயேடாவின் காட்சியொன்றை, 1917இல், கார்லோஸ் கிரேசி என்னும் பதினான்கு பதினைந்து வயதுச் சிறுவன் கண்டு மயங்கிச் சிஷ்யனானான் என்பது அக்குடும்பத்தார் சொல்லிவருங் கதை. சில காலமே நீடித்த அக்கல்வியைக் கார்லோஸ் வீணாக்கவில்லை. அவர் 1925இல் ரியோ நகரிலே பயிற்சிக்கூடம் அமைத்து, தம் தம்பியரையும் ஆசான்களாக்கினார். அவர்களுள் இளையவரான ஹேலியோ, பலத்தினால் இயலாததை நெம்புதலினாலும் பொறுமையினாலும் சாதிக்கும்படி பிடிகளை மாற்றியமைத்தார்.

ஆசான் என்பவர் யார் என்று என்னைக் கேட்போருக்கு நான் எடுத்துக்காட்ட விரும்பும் சம்பவம் 1951ஆம் ஆண்டு ஒக்டோபர் 23ஆந் திகதி ரியோவின் மரக்கானா அரங்கிலே நிகழ்ந்தது. யப்பானிய யூடோ வீரருள் தலைசிறந்தவரான மசாஹிகோ கிமுரா, ஹேலியோவின் கையை முதுகுப்புறமாக முறுக்கிப் பூட்டினார். ஹேலியோ தோல்வியை ஒப்பவில்லை. கை போனாலும் ஒப்புவதாயில்லை. அப்போது துவாயை எறிந்து போரை நிறுத்தியவர் மூலையில் நின்ற அண்ணன் கார்லோஸ். குடும்பத்தின் கீர்த்தி முழுவதும் அந்நாளில் தங்கியிருந்ததென்பதை அவரைக் காட்டிலும் அறிந்தவர் எவருமிலர். இருந்தும் சிஷ்யனின் கையே பெரிதென்று கொண்டார். ஹேலியோவைத் தோற்கடித்த அந்தப் பூட்டையே கிரேசி குடும்பத்தார் கிமுராவின் பெயரால் அழைத்துத் தம் மாணவருக்குக் கற்பித்து வருவதையும் நான் மிக்க மதிப்போடு நோக்குகிறேன்.

அதன்பின் நடந்தது உலகறிந்தது. 1993ஆம் ஆண்டு நவம்பர் 12ஆந் திகதி அமெரிக்காவின் டென்வர் நகரிலே நடந்த, கலப்புப் போர்க்கலையின் முதற் பெரும் போட்டியில், ஹேலியோவின் மகன் ரொய்ஸ் ஒரே இரவில் மூவரை வென்றார்.

எம்மவரிடத்தில் இத்தகைய பரம்பரை இருந்ததில்லையெனக் கூறுதல் பிழை. வெள்ளையரும் ஆங்கிலோ-இந்தியரும் கொணர்ந்த குத்துச்சண்டையை, வடசென்னையின் துறைமுகத் தொழிலாளரும் மீனவரும் தமதாக்கிக்கொண்டு, சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று பெயரிட்டு வளர்த்தபோது, களத்தில் ஓய்ந்தவர்கள் வாத்தியார்களாகி அடுத்த தலைமுறையைப் பழக்கினர். நாட் டெரி என்னும் ஆங்கிலோ-இந்திய வீரரை வீழ்த்திய கித்தேரி முத்துவைப் பெரியார் திராவிட வீரன் என்று பாராட்டியதாகச் சொல்வர். அவ்வெற்றிக்குப் பின்னால் நின்றதும் பரம்பரைதான். எங்கள் பக்கத்துச் சிலம்படியும் ஏட்டிலே தங்கியதன்று. வாத்தியார் கம்பெடுத்து முன்னே நின்று, காலடி வைக்கும் முறையை உடம்பாலே காட்டிக் கொடுத்ததனால் தங்கியது.

மலேசியத் தமிழரான அகிலன் தாணி, 2017ஆம் ஆண்டு மே 26ஆந் திகதி சிங்கப்பூரிலே, கலப்புப் போர்க்கலையின் உலகப் பட்டமொன்றுக்காக அமெரிக்க மல்லர் பென் அஸ்கிரனோடு பொருதி, முதற் சுற்றிலேயே கழுத்துப் பூட்டில் அகப்பட்டுத் தோற்றார். அத்தோல்வியைக் குறித்து நான் வருந்தவில்லை. மேலான மல்லரின் பிடியிற் சிக்கி மீளமுடியாமற்போன அந்தக் கணத்தைத் தம் உடம்பால் அறிந்த தமிழர் ஒருவர் நம்மிடையே உளர். அவர் என்றேனும் ஒருநாள் ஆசானாக அமர்ந்து, அப்பூட்டு விழுவதற்கு முன்னே தோளை எப்படித் திருப்புவதென்று ஒரு தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழிலே சொல்லிக்கொடுக்க வேண்டுமென்பதே என் விருப்பம்.