வானத்துக் காவல்

திருகோணமலையிலிருந்து நிலாவெளிச் சாலை வழியே சாம்பல்தீவுக்கு வருவோர் உப்புவெளியிலுள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தைக் கடந்தே வருகின்றனர். வானிலிருந்து வரும் பகையை ட்ரோன்களோடு பிறந்த புதுமையென்று பேசுவோர் அவ்விடத்தில் சற்றே நின்று செல்வது நன்று. இப்பகுதி மக்கள் அப்பாடத்தை 1942இலேயே கற்றுவிட்டனர்.

அவ்வாண்டு ஏப்ரல் 9ஆம் நாள் காலையில் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத் தளத்தையும் தாக்கின. ஏறக்குறைய 90 மைலுக்கு அப்பாலேயே ராடார் அவற்றைக் கண்டுகொண்டது. பிரித்தானியரின் ஹரிக்கேன் விமானங்கள் எதிர்கொள்ள எழுந்தன. முதல் நாளிரவே துறைமுகத்தைவிட்டு அனுப்பப்பட்ட ‘ஹேர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பலோ மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. எண்ணெய்த் தாங்கியொன்று நாட்கணக்கில் எரிந்தது. அழிவு நேர்ந்தது உண்மையே. ஆயினும் எச்சரிக்கை வந்தது. வந்த எச்சரிக்கை மதிக்கவும் பட்டது. காக்க வேண்டியவை ஏகாதிபத்தியத்தின் கப்பல்களும் எண்ணெயும் அல்லவா!

1957இல் தளம் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 2008 ஆகஸ்ட் 26ஆம் நாள் இரவு விடுதலைப் புலிகளின் இலகு விமானம் கடற்படைத் தளத்தின்மீது குண்டு வீசிய காலத்திலும் வானத்தைப் பார்த்த கண்கள் துறைமுகத்துக்காகவே விழித்திருந்தன.

பின்னர் அக்கண் தரையை நோக்கித் திரும்பிற்று. 2020 நவம்பரில், கொரோனா ஊரடங்கின்போது, விமானப்படையின் ட்ரோன்களைக்கொண்டு கொழும்பின் முகத்துவாரம், மட்டக்குளி முதலிய இடங்களில் வெளியே நடமாடியோரைப் பொலிசார் கண்டறிந்து கைதுசெய்தனர். உழைக்கும் மக்கள் நெருங்கி வாழும் பகுதிகள் அவை என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை.

பகைவரும் ட்ரோனை ஏவக்கூடும் என்பர். உண்மைதான். 2018 ஆகஸ்ட் 4ஆம் நாள் வெனிசுலாவின் கராக்கசில், அதிபர் மதுரோ பேசிய அணிவகுப்பின் அருகே வெடிபொருள் ஏந்திய ட்ரோன்கள் வெடித்தன. இயக்குவோனுக்கும் கருவிக்கும் இடையேயுள்ள வானொலித் தொடர்பைக் கண்டுபிடித்துக் குலைப்பது இதற்கு மாற்று. ஆனால் எது பகை, எது நட்பு என்று தீர்மானிப்பவர் யார்?

2019 ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, தேவாலயங்களிலும் விடுதிகளிலும் 250க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். கொலைஞர் முதுகுப் பையோடு நடந்து வந்தவர்கள். இந்திய உளவுத்துறை முன்னரே எச்சரித்திருந்தும் அதனை மதிப்பாரில்லை. சில நாட்களில் ட்ரோன் பறக்கத் தடை வந்தது! தரையில் வந்த பகைக்கு வானத்தைப் பூட்டிய விந்தையை என்னென்பது?

நம் மாவட்டத்திலும் பகை தரைவழியேதான் வந்தது. 2023 செப்டெம்பர் 17ஆம் நாள், திலீபனின் உருவப்படத்தைத் தாங்கி வந்த ஊர்தி திருகோணமலை அருகே பொலிசார் இருக்கத்தக்கதாகவே தாக்கப்பட்டது. பாராளுமன்ற உறுப்பினர் செல்வராசா கஜேந்திரனும் அடிக்கப்பட்டார். பகலில், நடுச்சாலையில் நடந்த அதனைக் காண வானத்துக் கண் எதுவும் வேண்டியிருக்கவில்லை. அடுத்த ஆண்டு மே மாதத்தில், சம்பூர்ப் பகுதியில் முள்ளிவாய்க்கால் கஞ்சி வழங்கியமைக்காகப் பெண்கள் உள்ளிட்ட நால்வரை அதே மாவட்டத்துப் பொலிசார் இரவில் வீடு தேடிச் சென்று கைதுசெய்தனர்.